110 கிலோமீட்டர், மூன்று நாள்

அன்புள்ள செல்வா,

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் கையில் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாகப் பெட்டி கட்டினேன்.

வடதுருவத்துக்குப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், லாங்இயர்பியன் ஊரிலிருந்து ஆய்வு நிலையங்கள் இருக்கும் நி-ஓலசுண்ட் எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தாய். நேர்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திருச்சி அளவுதான். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்வால்பார்ட் பரந்து கிடப்பதுபோலத் தெரியும், அதை நம்பாதே. உருண்டையைத் தட்டையாக விரித்ததில் வந்த வினை அது. மதுரையில் ஒரு தீர்க்கரேகைக்கும் அடுத்ததற்கும் இடையே 110 கிலோமீட்டர் இருக்கும். இங்கே 22தான்.

நேரம்? பறப்பது 25 நிமிடம். எனக்கு ஆனது மூன்று நாள்.

நார்வேயின் திரோம்சோவிலிருந்து லாங்இயர்பியன் வரையிலான 950 கிலோமீட்டரை ஜெட் ஒன்றேமுக்கால் மணிக்குள் கடந்துவிட்டது. அப்புறம்தான் சோதனை. நி-ஓலசுண்டுக்குப் போவது சின்ன டோர்னியர் 228, கான்பூரில் ஹெச்.ஏ.எல். கட்டும் அதே ரகம். அங்கே இருப்பது 800 மீட்டர் சொச்சம் நீளமுள்ள சரளைக்கல் ஓடுதளம். கடலிலிருந்து மூட்டம் ஏறிவிட்டால் விமானி கிளம்பமாட்டார், கிளம்பவும் கூடாது. தினமும் பையோடு போய் உட்கார்ந்தேன், தினமும் திரும்பினேன். ஜூன் மாதமல்லவா, சூரியன் மறைவதே இல்லை. எந்த நாளில் இருக்கிறோம் என்பதையே கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மூட்டம் விலகியது. ஜன்னலுக்குக் கீழே பனியாறுகள் கடலில் முடியும் இடத்தில் நீலமாக வெட்டுப்பட்டு நின்றன. அந்த 25 நிமிடமும் நான் வாய் திறக்கவே இல்லை.

நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இங்கே இயங்குகிறது. வானொலித் தொலைநோக்கிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று வைஃபை, புளூடூத் எதற்கும் அனுமதி இல்லை. நிதானமாக எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊருக்கு வெளியே, வான்கப்பலைக் கட்டி நிறுத்துவதற்கான ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறது, செல்வா. 1926 மே 11 காலையில் துருவப் பயணிகளான அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே குழுவினரின் நோர்கே வான்கப்பல் இங்கிருந்துதான் கிளம்பியது. 1,230 கிலோமீட்டர் தாண்டி மறுநாள் விடிகாலை வடதுருவத்துக்கு மேலே இருந்தார்கள். கம்பத்தைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் துரு ஒட்டியது.

இங்கே நடக்கும்போது தலைக்கு மேலே ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு போகிறோம். ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருக்கின்றன. பக்கத்தில் போனால் தலையில் கொத்த வருகின்றன. அண்டார்க்டிகா பக்கம் வரை போய்விட்டு, வருஷா வருஷம் இங்கே திரும்பி வருபவை அவை. சண்டைபோட அவற்றுக்கு உரிமை உண்டு.

சரி, வெளியே போக வேண்டும். பனிக்கரடி பயத்தால் ஊர் எல்லை தாண்டினால் துப்பாக்கியோடு ஒருவர் கூட வரவேண்டும், அவர் காத்திருக்கிறார். அம்மா எப்போது படியேறத் தொடங்கினார்கள் என்று எழுது.

அன்புடன்,
முரளி