நெய்வேலித் தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

வணக்கம். இந்த மடலை அமைச்சருக்கோ நிர்வாகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 2006-ல், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி.யின் பங்குகளை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது நீங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினீர்கள், விற்பனை நின்றது. 2013-ல் மறுபடி முயன்றார்கள். மறுபடி எழுந்து நின்றீர்கள். கடைசியில் தமிழக அரசின் நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டன. டெல்லியைப் பணியவைத்த இந்த வலிமை எங்கள் மாவட்டத்தில் வேறு யாருக்கும் இல்லை. அதைச் சூரிய மின்சாரத்துக்காகவும் பயன்படுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நான் கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் பகுதியில் அண்ணன் நெல் நடுவார், தம்பி சுரங்கத்துக்கு ஷிப்ட் போவார். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதனால் விவசாயியையும் தொழிலாளியையும் மோதவிடும் பேச்சு எனக்கு ஆகாது. ஆனால் 2023 ஜூலையில் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயை வெட்ட, மேல்வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின்மேல் பொக்லைன் இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அது முன்பே கையகப்படுத்தப்பட்ட நிலம் என்று விளக்கம் சொன்னார்கள். பயிர் அறுவடையாகும்வரை பொறுத்திருக்கக்கூட முடியாத அவசரம் எங்கிருந்து வந்தது?

சுரங்கத்தின் இயல்பிலிருந்தே வந்தது. திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்காது. பழுப்பு நிலக்கரியில் பாதியளவு ஈரம். கொஞ்சம் மின்சாரத்துக்கே நிறைய எரிக்க வேண்டும். நிறைய எரிக்க, மேல்மண்ணை அள்ளிக்கொட்டி, அடியிலுள்ள நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்து, அடுத்த வயலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இன்று மேல்வளையமாதேவி என்றால் நாளை இன்னோர் ஊர். சூரியத் தகடு ஒருமுறை ஊன்றிய இடத்திலேயே கால் நூற்றாண்டு மின்சாரம் தரும். பக்கத்து வயலைக் கேட்காது.

சூரிய மின்சாரத்துக்கும் நிலம் வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியிலுள்ள சூரிய மின் நிலையத்தில் 648 மெகாவாட்டுக்குச் சுமார் 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. நல்ல வயலை எடுத்துத் தகடு பரப்புவதானால் அதையும் எதிர்ப்பேன். நெய்வேலிக்கோ அந்தத் தேவை இல்லை. தோண்டி முடித்து மண் நிரப்பிய பரப்பு இருக்கிறது. சாம்பல் கொட்டிய இடங்கள் இருக்கின்றன. நிரப்பிய மண் இறுகச் சில ஆண்டுகள் ஆகும், எல்லா இடமும் உடனே உதவாது; ஆனாலும் அது ஏற்கெனவே எடுக்கப்பட்ட நிலம். மின்சாரத்தைத் தென் மாநிலங்களுக்கெல்லாம் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகளும் துணை மின் நிலையங்களும் பக்கத்திலேயே நிற்கின்றன.

பொதுத்துறை நிறுவனங்களில் 1,000 மெகாவாட் சூரிய மின்சாரத்தை முதலில் எட்டியது என்.எல்.சி.தான். அதில் நெய்வேலியில் இருப்பது 140 மெகாவாட் அளவுதான். மீதியில் பெரும்பகுதி தென்மாவட்டங்களுக்குப் போய்விட்டது. நீங்கள் கோபப்பட வேண்டியது இதற்குத்தான்.

'தகடு வந்தால் எங்கள் வேலை போகும்' என்பீர்கள். நியாயமான அச்சம். சுரங்கத்துக்குத் தேவைப்படும் ஆட்கள் சூரிய மின் நிலையத்துக்குத் தேவைப்பட மாட்டார்கள். அதனால்தான் பேரம் இப்போதே தொடங்க வேண்டும். 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கொதிகலனுக்கு வயது உண்டு. அதே 2020-ல், மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பறிகொடுத்த தோழர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டியெடுக்கும் ராட்சதச் சக்கர எந்திரங்களின் தொழில்நுட்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்த ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவதென்று 2020-ல் சட்டமியற்றியது. சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ ஒதுக்கியது. லைப்சிக் அருகே விட்ஸ்னிட்ஸில், பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிலத்தில் இன்று 600 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரியப் பூங்கா ஓடுகிறது. எந்திரத்தை அங்கிருந்து வாங்கிய நாம் இந்த ஏற்பாட்டையும் கேட்டு வாங்கலாமே?

நாளைக்கே உலையை அணைக்கச் சொல்லவில்லை. மாலையில் விளக்கெரிய மின்கலத் தொகுப்புகள் வேண்டும். அவை வரும்வரை சில அலகுகள் ஓடட்டும். ஆனால் அடுத்த பேச்சுவார்த்தையில் ஊதிய உயர்வுக்குப் பக்கத்தில் இவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள்: சுரங்கத்துக்காக இனி ஒரு ஏக்கர் விளைநிலமும் எடுக்கக் கூடாது, மண் நிரப்பிய பரப்பில் எங்கே, எந்த ஆண்டு, எத்தனை மெகாவாட் என்று எழுத்தில் வேண்டும், தகடும் மின்கலமும் செய்யும் ஆலை நெய்வேலிக்கே வர வேண்டும், அதில் முதல் உரிமை ஒப்பந்தத் தொழிலாளிக்கும், நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைக்கும்.

பேச்சுவார்த்தை நாளன்று வாயிலில் நீங்கள் கூடும்போது ஊர்க்காரர்களையும் அழையுங்கள். நாங்கள் வருகிறோம்.

தோழமையுடன்,
கம்மாபுரம் பகுதி விவசாயி ஒருவன்