பலாலி – மட்டக்களப்பு விமான சேவை கோரும் மூன்றாவது மனு

மதிப்புக்குரிய பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் வாரம் இரண்டு தடவையாவது ஒரு சின்ன விமானம் விடும்படி கேட்டு, இதற்கு முன் இரண்டு மனுக்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. பதில் வரவில்லை. ஆகவே மீண்டும் பணிவுடன் எழுதுகிறேன்.

1. மட்டக்களப்பின் திமிலைதீவு ஓடுபாதையும் பலாலி ஓடுபாதையும் தாங்கள் அறியாதவை அல்ல. நேர்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். சின்ன விமானத்துக்கு ஒரு மணித்தியாலப் பறப்பு.

2. பலாலியிலிருந்து சென்னை இதைவிடத் தூரம், சுமார் 355 கிலோமீற்றர். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானதும் கடல் தாண்டி அங்கே விமானம் போனது. 2018இலேயே உள்ளூர் விமான நிலையமாகத் திறந்த மட்டக்களப்புக்குப் பலாலியிலிருந்து ஒன்றும் இல்லை.

3. ரயிலும் நேராக இல்லை. மேற்கே மாகோ வரைக்கும் போய், வண்டி மாறி, அப்புறம்தான் வடக்கே திரும்ப வேண்டும்.

4. என் அம்மாவுக்கு 71 வயது. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு வைத்தியம் பெற்றவர். அப்பா போனபின் என்னோடு மட்டக்களப்பில் இருக்கிறார். ஆனாலும் கிளினிக்குக்கு அங்கேதான் போவார். தன் உடம்பை அறிந்த டொக்டர் அங்கே இருக்கிறார் என்பார். அதனால் இரவு பஸ். வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை, மதவாச்சி, வவுனியா என்று விடிய விடிய இருக்கையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும். பயண நாளன்று மத்தியானத்தோடு அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். கேட்டால், "பஸ்ஸை மறிக்கச் சொல்ல வெக்கமா இருக்கு பிள்ளை" என்பார். வழியில் பஸ் ஒரே ஒரு தேத்தண்ணிக் கடையில்தான் நிற்கும். அதன் பின்பக்கக் கழிப்பறைக்கு இருட்டில் படி இறங்க வேண்டும். ஒருமுறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். அதன்பின் அங்கேயும் இறங்குவதில்லை. போன தடவை இரத்தம் எடுக்க நரம்பு பிடிபடவில்லை. உடம்பில் தண்ணீர் இல்லை என்று சொல்லி நாலு இடத்தில் குத்தினார்கள். அந்த நேரம் மேலே விமானம் இறங்கும் சத்தம் கேட்டது. அம்மா கையைக் கொடுத்தபடியே யன்னலைப் பார்த்தார். ஐயா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே விமான நிலையம், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் விமான நிலையம். நடுவில் என் அம்மா ஏன் தாகத்தோடு கிடக்க வேண்டும்?

5. பயணிகள் போதாது என்பீர்கள். யாரிடம் கேட்டீர்கள்? வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடமா? இங்கே கல்யாணம் கட்டி வந்து, அங்கே தாய் தகப்பனை விட்டுவந்த என்னைப் போன்றவர்களிடமா? ஓர் இரவு மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு வந்து நின்று பாருங்கள். 12 பேர் ஏறும் விமானத்தைத்தானே கேட்கிறோம்!

6. கட்டணம் பஸ்ஸைவிடக் கூடத்தான் இருக்கும். சரி. நோயாளருக்கும் முதியோருக்கும் நாலு இருக்கையைப் பாதி விலையில் ஒதுக்கித் தாருங்கள்.

7. அடுத்த கிளினிக் மூன்று வாரத்தில். அம்மாவுக்கு இனி ஏலாது.

வாரம் இரண்டு பறப்பு தாருங்கள். அதற்கு வழியில்லையென்றால் ஒன்று தாருங்கள். அதுவும் முடியாதென்றால், ஏன் முடியாது என்று தங்கள் கையொப்பத்தோடு ஒரு கடிதமாவது அனுப்புங்கள் ஐயா. மிகவும் பணிவாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மட்டக்களப்பிலிருந்து ஒரு மகள்