பெர்மாங்கனேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

ஐயா,

இளங்கலை வேதியியலில் சேரும் மாணவர்கள் ஆய்வகக் கையேட்டை விலை பார்த்தே வாங்குகிறார்கள். கடையில் நின்றபடியே அதன் தரத்தை அறிய ஒரு வழி உண்டு. ஆக்சாலிக் அமிலத்துக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு செய்யும் தரம்பார்த்தலை, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளக்கும் சோதனையை, திறந்து படியுங்கள்.

20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம், 60 முதல் 70 டிகிரி சூடு. இவ்வளவையும் எல்லாக் கையேடுகளும் சொல்லும். ஏன் கந்தக அமிலம் என்று சொல்கிறதா? ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அதிலுள்ள குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்னும், பியூரெட் (பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விடும் அளவுக் குழாய்) காட்டும் அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலமோ பெர்மாங்கனேட்டைப் போலவே தானும் ஓர் ஆக்சிஜனேற்றி. பெர்மாங்கனேட்டின் முதல் துளிகளின் நிறம் மறையத் தாமதமாகும் என்பதும் அச்சில் இருக்க வேண்டும். வினையில் உருவாகும் மாங்கனஸ் அயனியே வினையூக்கி என்பதால் பிறகுதான் வேகம் பிடிக்கும். இது தெரியாதவர் முதல் இளஞ்சிவப்பையே முடிவுநிலையாக, அதாவது வினை முடிந்த புள்ளியாக, குறித்துவிடுவார். குடுவை பழுப்பாகக் கலங்கினால் அது மாங்கனீசு டையாக்சைடு: அமிலம் போதவில்லை, அல்லது கரைசலை அவசரமாக ஓடவிட்டார்கள். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். பெர்மாங்கனேட் கரைசல் அடர்நிறம், ஆகவே பியூரெட்டில் அளவைக் கரைசல் மட்டத்தின் மேல்விளிம்பில் படிக்க வேண்டும்.

3.16 கிராம் பெர்மாங்கனேட்டை எடைபோட்டு ஒரு லிட்டராக்கி, அதையே திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) என்று எழுதியிருந்தால் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். அதில் மாங்கனீசு டையாக்சைடு மாசு இருக்கும். நீரிலுள்ள கரிமப் பொருளும் அதன் செறிவைக் குறைக்கும். காய்ச்சி, ஆறவைத்து, கண்ணாடி வடிகட்டியில் வடித்து, பழுப்புப் புட்டியில் வைத்தபின் ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு செறிவைக் கண்டறிய வேண்டும். வடிதாளும் ரப்பர் குழாயும் பெர்மாங்கனேட்டை ஒடுக்கி, செறிவைக் குறைக்கும்.

பியூரெட்டையும், குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலால் கழுவ வேண்டும். கூம்புக்குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும். இந்த ஒரு வரி விடுபட்டால் மாணவர் குடுவையையும் கரைசலால் கழுவி, அளவு ஒத்துவராமல் திண்டாடுவார்.

மாதிரி அளவீடுகளை அச்சிட்டுத் தரும் கையேடுகளைத் துறைகள் பரிந்துரைக்கவே கூடாது. 19.6 என்று அச்சில் பார்த்த மாணவரின் கண் பியூரெட்டிலும் 19.6-ஐத்தான் தேடும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொல்லும் பழைய பதிப்புகளையும் விலக்குங்கள். வாய்க்குப் பதிலாக உறிஞ்சும் ரப்பர் குமிழ் எல்லா ஆய்வகப் பொருள் கடைகளிலும் கிடைக்கிறது.

வேதியியல் ஆசிரியர்,
மதுரை