மேயோவிலிருந்து அப்பாவுக்கு

வெஸ்ட்போர்ட், அயர்லாந்து
ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறாள். நீங்கள்தான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இங்கே மழை எப்படி என்று கேட்டீர்கள். மேயோ மாவட்டம் இருக்கும் இந்த மேற்குப் பக்கத்தில் சில இடங்களில் வருஷத்துக்கு 225 நாள் வரை மழைநாள்தான். அதனால் இந்த ஊர் விவசாயிக்கு மழை வருமா என்பதைவிட எப்போது விடும் என்பதுதான் கவலை. மாட்டுக்கு அறுத்துப் போட்ட புல் காய, சேர்ந்தாற்போல மூன்று நான்கு நாள் வெயில் அடிக்க வேண்டுமே!

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எண்பது தாண்டிய விவசாயி ஒருவர் இருக்கிறார். காலையில் மாத்திரை கொண்டுபோனால், ஜன்னல் வழியே குரோ பாட்ரிக் மலையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சே. கல்லும் ஒற்றையடிப் பாதையும் தெரிகிற அளவுக்கு மலை கிட்டே வந்ததுபோல் பளிச்சென்று இருந்தால், மழை வரப்போகிறது. மலையே தெரியாவிட்டால்? "வந்தாயிற்று" என்பார்.

தகைவிலான் குருவி தாழப் பறந்தால் மழை. நம் தட்டான் கணக்கேதான். பூச்சி கீழே இறங்கினால் அதைத் தின்னும் குருவியும் இறங்கும். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினாலும் மழைதான். புகைபோக்கியிலிருந்து கரி உதிர்வது, பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்வது என்று வீட்டுக்குள்ளும் அடையாளங்கள் உண்டு. பூனையை மட்டும் நான் நம்புவதாக இல்லை. குளிர்காலம் முழுக்க அது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

1937 முதல் 1939 வரை, பள்ளிப் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இதையெல்லாம் நோட்டில் எழுதிவரச் சொன்னார்களாம். இந்தப் பெரியவருடைய மூத்த அக்காவும் எழுதியிருக்கிறார்.

ஜூலை 15, புனித சுவிதின் நாள். அன்று பெய்தால் நாற்பது நாள் விடாது என்பார்கள். இந்த வருஷம் அன்றைக்கு நன்றாகக் கொட்டியது. பெரியவரிடம் கேட்டால், "சுவிதின் இங்கிலாந்து பிஷப், அவர் பேச்சு இங்கே எடுபடாது" என்கிறார்! தன் நாளான பிப்ரவரி 1-க்கு அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் நல்ல வெயில் என்று வாக்குக் கொடுத்த புனித பிரிஜித்தைத்தான் நம்புவாராம். அவர் உள்ளூர்ச் சாமி.

ஆடி பிறந்துவிட்டதே, விதைக்குப் பணம் போதுமா? கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்றும் எழுதுங்கள்.

அன்பு மகள்