வெண்டி ரெனாரைப் பற்றி தேன்மொழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று தெரிந்து நிம்மதி. இங்கே அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எனக்கும் வாசித்துக் காட்டுகிறார்.

யாழினியைப் பற்றி நீ எழுதிய பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கால்பந்தில் முன்னால் நின்று கோல் போடும் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவளைப் பயிற்சியாளர், பின்னால் நடுவில் நின்று கோலைத் தடுக்கும் சென்டர் பேக்காக மாற்றிவிட்டார், தன்னைப் பின்னால் தள்ளிவிட்டதாக நினைத்து முகம் கொடுத்தே பேச மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. கோல் போட்டவளைத் தூக்கிக் கொண்டாடுவார்கள், கோல் விழாமல் பார்த்துக்கொண்டவளை யார் கண்டுகொள்கிறார்கள்? ஆனால் பிரான்ஸ் பெண்கள் அணியின் சென்டர் பேக்காக ஆடிய வெண்டி ரெனாரை அவளுக்குத் தெரியுமா என்று கேள். தெரியாது என்றால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு.

ரெனார் பிறந்தது 1990இல், கரீபியன் கடலில் பிரான்சின் ஆட்சியில் இருக்கும் மார்டினிக் தீவில். வளர்ந்தது பெலே எரிமலைக்கு அடியில் இருக்கிற லெ ப்ரெஷெர் என்ற சின்ன ஊர். 1902இல் வெடித்து செயின்ட் பியேர் நகரத்தையே அழித்த எரிமலை அது. நான்கு பெண் பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. எட்டு வயதில் அப்பா புற்றுநோயில் போய்விட்டார். பெரியவளானதும் கால்பந்து ஆடப் போகிறேன் என்று பள்ளியில் சொன்னபோது, பெண்களுக்கு அப்படி ஒரு வேலையே கிடையாது என்று ஆசிரியர் சொன்னாராம். அந்தக் காலத்தில் பிரான்சில் பந்து ஆடிச் சம்பளம் வாங்கிப் பிழைத்த பெண்கள் இல்லை என்றே சொல்லலாம், அவரும்தான் வேறு என்ன சொல்லியிருப்பார்!

பதினாறு வயதை ஒட்டி கடல் தாண்டி, பாரிஸ் பக்கத்தில் இருக்கும் கிளேர்ஃபொந்தேன் தேசியப் பயிற்சி மையத்தின் தேர்வுக்குப் போனார். எடுக்கவில்லை. அப்புறம் பிரான்சின் லியோன் கிளப்பில் ஆடிக் காட்டினார், அங்கே எடுத்துக்கொண்டார்கள். 2006இல் அங்கே போனவர் இருபது வருடத்துக்குக் கிட்ட அதே சட்டையில்தான் ஆடினார். அந்தச் சட்டையில் எட்டு முறை, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, 2011இல் முதலாவது, 2022இல் எட்டாவது. அந்த முதல் இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் கிளப்புக்கு எதிராக முதல் கோலை அடித்ததே இவர்தான். 2020 அரையிறுதியில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனை வென்ற ஒரே கோலும் இவருடையது. பின்னால் நிற்பவளுக்கு கோல் கிடையாது என்று யாழினியிடம் யார் சொன்னது?

ரெனாரின் உயரம் 1.87 மீட்டர். அதனால்தான் தலையால் முட்டி கோல் போடுகிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உயரமான ஆட்டக்காரிகள் எத்தனையோ பேர் உண்டு. 2023 உலகக் கோப்பையில், பிரிஸ்பேனில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தைப் போட்டுப் பார். ஸ்கோர் 1-1, எண்பத்து மூன்றாவது நிமிடம், பிரான்சுக்கு கார்னர். பிரேசிலுக்கு இவரைத் தெரியாதா என்ன? இவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பந்து தூரத்துக் கம்பத்தை நோக்கி வரும்போது இவர் அங்கே தனியாக நிற்கிறார், பக்கத்தில் ஆளில்லை. தலையால் முட்டினார், கோல்! பந்து எங்கே விழும் என்பதை மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னால் கண்டுபிடித்துவிடுகிற கண் அது. தன் பக்கத்து கோலைக் காப்பாற்றும்போதும் அதே கண்தான் வேலை செய்கிறது. அதனால்தான் இவர் தரையில் விழுந்து புரண்டு பந்தைப் பறிக்க வேண்டிய தேவை அதிகம் வருவதில்லை. எதிராளி பாஸ் கொடுக்க நினைக்கிற இடத்தில் ஏற்கெனவே போய் நின்றிருப்பார்.

டிஃபெண்டரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிய 2019 உலகக் கோப்பையைப் பார்த்தால் போதும். சொந்த நாட்டில் நடந்த போட்டி. தென் கொரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தலையால் இரண்டு கோல், நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியது. அடுத்தது நைஸ் நகரத்தில் நார்வேயுடன். குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார், அது நேராகச் சொந்த வலைக்குள் போய்விட்டது. சேம் சைடு கோல்! நல்லவேளை, பிரான்ஸ் 2-1 என்று ஜெயித்தது. மூன்றாவது ஆட்டத்தில் நைஜீரியாவுக்கு எதிராக பெனால்டி, அடித்தது யார் தெரியுமா? இவரேதான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கோல்கீப்பர் கோட்டை விட்டு முன்னதாகவே நகர்ந்துவிட்டார் என்று நடுவர் திரும்ப அடிக்கச் சொன்னார். முந்தின ஆட்டத்தில் சேம் சைடு கோல், இப்போது தவறிய பெனால்டி, அரங்கம் முழுக்கக் கூச்சல். திரும்பவும் பந்தை வைத்து அடித்தார். கோல்! அந்த இரண்டாவது உதையை எண்ணி எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. காலிறுதியில் அமெரிக்காவிடம் 2-1 என்று தோற்றார்கள், பிரான்சின் அந்த ஒரு கோலும் இவர் தலையால் முட்டியதுதான்.

களத்துக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017இல் பிரான்ஸ் அணிக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் கொரின் தியாக்ர் கேப்டன் பொறுப்பை இவரிடமிருந்து எடுத்துவிட்டார், 2021இல் திருப்பித் தந்தார். 2023 பிப்ரவரியில், உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம்தான் இருந்தது, இப்போதைய அமைப்புக்கு இனி நான் துணை நிற்க முடியாது, என் மனநலத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி விலகினார். சக ஆட்டக்காரிகள் தியானி, கதோதோ இருவரும் உடனே இவர் பின்னாலேயே விலகினார்கள். மார்ச்சில் பயிற்சியாளரை நீக்கினார்கள், ஏர்வே ரெனார் வந்தார் (பெயர்தான் ஒன்று, உறவில்லை). வெண்டியும் கேப்டனாகத் திரும்பினார். முப்பத்திரண்டு வயதில், இனி இன்னொரு உலகக் கோப்பை கிடைக்குமா என்று தெரியாத நிலையில், இருந்த ஒன்றையும் விட்டுக்கொடுக்கத் துணிந்தாரே, அவர் வாங்கிய கோப்பைகள் எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பிரான்ஸ் அணியோடு பெரிய கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. 2025 ஐரோப்பியக் கோப்பைக்குப் புதிய பயிற்சியாளர் இவரைச் சேர்க்கவே இல்லை. இளையவர்களுக்கு இடம் தர வேண்டும் என்பது நியாயம்தான், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. காலிறுதியில் ஜெர்மனியிடம் பெனால்டியில் பிரான்ஸ் தோற்றபோது, இவர் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, யாழினி நடுவில் இடப்பக்கம் நிற்கிறாளா, வலப்பக்கமா? பக்கத்தில் ஆடுகிறவளோடு ஒத்துப்போகிறதா? அது மிக முக்கியம், சென்டர் பேக்குகள் ஜோடியாகத்தான் தேறுவார்கள். இரண்டையும் கேட்டு எழுது. எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
கயல்