இலைக் கட்டுரையை ஏப்ரலில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில், இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கப் போகும் அமெரிக்க இலையுதிர்காலச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அக்டோபர் பாதியில் அதைப் போட்டு, உடனே கிளம்பச் சொல்லி முடித்திருந்தீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்டோபரில் கிளம்புகிறவனுக்குக் கூடாரம் அடிக்க இடம் கிடைக்காது. பட்டவன் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நிறைய. என் மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். இரண்டு வருஷம் முன்பு நானும் மனைவியும் போயிருந்தபோது, செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே மருமகன், "மாமா, ஷெனாண்டோவா பூங்காவுக்கு இலை பார்க்கப் போவோமா, கூடாரத்திலேயே தங்கலாம்" என்றார். சரி என்றேன். லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் பிக் மெடோஸ், லாஃப்ட் மவுண்டன், மாத்யூஸ் ஆர்ம் என்று எந்த முகாமிலும் சனி ஞாயிறுக்கு ஒரு இடம் இல்லை. அங்கே தேசியப் பூங்கா முகாம்களுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுமாம். அதாவது அக்டோபர் இலைக்கு ஏப்ரலில் துண்டு போட்டு வைக்க வேண்டும். அதிலும் அக்டோபர் இரண்டாவது திங்கள் கொலம்பஸ் தின விடுமுறை, அந்த மூன்று நாளை நினைத்தே பார்க்க வேண்டாம். மகள் நாலு நாள் விடாமல் அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்து, யாரோ மழைக்குப் பயந்து ரத்து செய்த ஒரு புதன்கிழமையைப் பிடித்தாள்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு விஷயம், எந்தத் தேதி என்பதைவிட எந்த உயரம் என்பதுதான் முக்கியம். ஸ்கைலைன் டிரைவ் என்கிற அந்த மலைமுதுகுச் சாலை 105 மைல் நீளம், மணிக்கு 35 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்திப் பார்க்க வேறு ஆசை வரும், ஒரு நாள் எப்படிப் போகிறது என்றே தெரியாது. நாங்கள் போனபோது சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கும் பிக் மெடோஸில் மரங்கள் பாதி மொட்டை, கொஞ்சம் இறங்கினால் மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும், அடிவாரத்தில் இன்னும் பச்சை. நிறம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. ஆகவே ஒரு வாரம் பிந்திவிட்டால் அழ வேண்டாம், கீழே போனால் போதும். முந்திவிட்டால் மேலே. வடக்கே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கமெல்லாம் செப்டம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும்.

மஞ்சள் நிறம் இலைக்குள் ஏற்கெனவே இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் உறையாத குளிரும் இருந்தால் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. என் மனைவி கீழே கிடந்த ஒரு மேப்பிள் இலையை எடுத்துக் காட்டினாள். முழுக்கச் சிவப்பு, நடுவில் மட்டும் இன்னொரு சின்ன இலையின் வடிவத்தில் மஞ்சள். மேலே இருந்த இலை வெயிலை மறைத்த இடம் அது. அதை ஊருக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

முகாமைப் பற்றி இரண்டு வார்த்தை. ராத்திரி நல்ல குளிர், குரங்குக் குல்லா இல்லாமல் தூங்க முடியாது. அங்கே கருங்கரடி உண்டு. இது தெரியாமல் ஊரிலிருந்து கொண்டுபோன நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை நான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க, மருமகன் பதறிப்போய் அதைப் பிடுங்கிக் கொண்டுபோய் காருக்குள் பூட்டினார். பல் துலக்கும் பேஸ்ட்டுக்குக்கூட அதே கதிதான். விறகும் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, விறகோடு மரம் துளைக்கும் வண்டு ஊர் விட்டு ஊர் போய்விடும் என்கிறார்கள். ஆஷ் மரங்களை அங்கே ஒரு பச்சை வண்டு கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது.

இப்போது எங்கள் ஊர் விஷயம். அந்த மலைச்சாலையில் நின்றபோது எனக்கு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலைதான் ஞாபகம் வந்தது. அக்டோபரில் எங்களுக்குக் குடைதான், மழை ஓய்ந்து டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை மஞ்சளாகி, செம்பு நிறமாகி, கொட்டும். இது குளிரால் வருவதில்லை, வறட்சியால். காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்கும். பக்கத்துத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காலண்டரே பார்க்க மாட்டார், இலை கொட்டி முடிந்து தளிர் வருவதைத்தான் பார்ப்பார். தளிரின் காம்பில்தான் தேன் சுரக்கும், பூவில் இல்லை. மார்த்தாண்டம் தேன் என்று எல்லாரும் வாங்குவதில் பெரும்பங்கு அதுதான். இலையைக் கணக்கு வைத்துத் திட்டம் போடுகிற ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள், நாம்தான் திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

அதனால் இரண்டு வேண்டுகோள். அமெரிக்க இலைக் கட்டுரையை அடுத்த வருஷம் மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் போடுங்கள், பிள்ளைகளுக்குப் பெற்றோர் போனில் சொல்லி இடம் பிடிக்க நேரம் இருக்கும். ரப்பர் இலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படம் எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் பொங்கலுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். ஜனவரி கடைசியில் வந்தால் குச்சியைத்தான் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்