எமது இரசாயன வட்டத்தின் 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே,

அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்கூட்டக் குறிப்புகள் ஏற்கெனவே உங்கள் கைகளுக்கு வந்துவிட்டன. அதனால் அவற்றை மறுபடி வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் வெள்ளவத்தையில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை; காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இந்த வருடம் அதிகம் சூடு பிடித்தது உப்பு விவாதம்தான். மார்ச் இறுதியில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, பொதியில் போட்ட பெயரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. நாங்கள் பெயரை விட்டுவிட்டு உப்பைப் பிடித்துக்கொண்டோம். ஆனையிறவுக்குப் பக்கத்துப் பரந்தனில் ஒரு காலத்தில் உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் (கோஸ்டிக் சோடா) குளோரீனும் எடுத்தார்கள். 1980களில் யுத்தத்தோடு அது நின்றுபோனது. இன்று குழாய்த் தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரீன் கப்பலில் வருகிறது. "உப்பு பக்கத்திலேயே கிடக்கிறது, திரும்பத் தொடங்கினால் என்ன?" என்று மூத்தவர்கள் கேட்டார்கள்.

இளையவர்கள் கணக்கோடு வந்திருந்தார்கள். ஒரு தொன் குளோரீனுக்கு உப்பு ஏறத்தாழ 1.7 தொன் போதும். ஆனால் கரைசலை நடுவில் மெல்லிய சவ்வு வைத்து மின்பகுக்கும் புதிய மென்சவ்வுக் கலத்துக்குக்கூட 2,000 அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ஆக, விலையைத் தீர்மானிப்பது உப்பளம் அல்ல, மின்கட்டணம். கூடவே 1.1 தொன் எரிசோடாவும் வந்தே தீரும், அதையும் விற்றாக வேண்டும். பழைய இரசக் (பாதரசக்) கலத்தை நினைத்தும் பார்க்க முடியாது. இரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை அதற்கு வைத்த கடைசி ஆண்டே 2025. இன்னொன்று, வெயிலில் விளைந்த உப்பில் கல்சியமும் மகனீசியமும் ஒட்டியிருக்கும். கரைசலில் அவற்றை நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்கு இறக்காவிட்டால் மென்சவ்வு பழுதாகிவிடும்.

மின்சாரக் கணக்குக்கு மூத்தவர்களிடம் பதில் இருக்கவில்லை. எரிசோடா விலைபோகாது என்ற பயத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சவர்க்காரம் செய்பவர்களும் துணிக்குச் சாயம் போடுபவர்களும் அதை வெளியிலிருந்து வாங்கித்தானே பாவிக்கிறார்கள்? கூட்டம் முடிந்த பிறகும் காலி வீதி பஸ் தரிப்பிடம்வரை சண்டை போனது. நல்ல சண்டை.

ஜூலையில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் வழக்கில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது பற்றிப் பேசினோம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த அந்தக் கப்பலில் கசிந்த நைத்திரிக் அமிலமும், கரையெல்லாம் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தீர்ப்பு வந்த அடுத்த மாதமே ஜெனீவாவில் உலகப் பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பேச்சு உடன்பாடில்லாமல் முடிந்தது. உற்பத்தியைக் குறைப்பதா, கழிவை மட்டும் பார்ப்பதா என்ற இடத்தில்தான் இழுபறி. எங்கள் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு உற்பத்தியைக் குறைப்பதில் சந்தேகம் வரக் காரணமில்லை என்பது என் எண்ணம்.

ஒக்டோபரில் இரசாயனவியல் நோபல் பரிசு. அதைப் பெற்ற கித்தகவா, ரொப்சன், யாகி மூவரும் உலோக அயன்களையும் சேதன மூலக்கூறுகளையும் இணைத்துக் கட்டிய துளைச் சட்டகங்களைப் பற்றி ஓர் இளம் ஆசிரியை அழகாகப் பேசினார். பாலைவனக் காற்றிலிருந்தே யாகி குழுவினர் தண்ணீர் எடுத்ததைச் சொன்னதும், கொழும்புக்கு அது எதற்கு, ஏ.சி. குழாயில் சொட்டுவதே போதுமே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பெயரைக் குறிப்பில் பதியவில்லை.

தொழில் வழிகாட்டல் கூட்டத்துக்கு ஏ.எல். முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் வந்திருந்தார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் இரசாயனவியல் கற்கையைப் பலர் கேள்விப்பட்டதேயில்லை. வேலை என்றால் வெள்ளை மேலங்கி போட்ட ஆராய்ச்சி என்றே நினைக்கிறார்கள். ஏற்றுமதித் தேயிலையில் பீடைகொல்லி எச்சம் பார்ப்பதும், கையுறைத் தொழிற்சாலையில் இறப்பர்பாலைச் சோதிப்பதும் இரசாயனவியலாளர் வேலைதான். சம்பள விடயத்தையும் மறைக்கவில்லை. ஒரு தனியார் ஆய்வுகூடம் தரும் தொடக்கச் சம்பளத்தை எங்கள் அங்கத்தவர் ஒருவர் சொன்னபோது, ஒரு தகப்பன் ரியூசன் கொடுத்தாலே அதைவிட வரும் என்றார். உண்மைதான், மறுக்க முடியவில்லை. கலாநிதிப் பட்டத்துக்கு அமெரிக்கா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலமும் இப்போது இல்லை. ஆராய்ச்சி நிதி வெட்டுகளால் அங்கே சில பல்கலைக்கழகங்கள் 2025இல் அனுமதிகளைக் குறைத்துவிட்டன.

நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. களனி கங்கை பெருகி, எங்கள் அங்கத்தவர் சிலரின் வீடுகளுக்குள்ளும் தண்ணீர். அதனால் டிசம்பரில் கூட்டத்துக்குப் பதில் கிணறு இறைக்கும் இடங்களுக்குப் போனோம். கைத்தொலைபேசிகளில் சுற்றிய "கிணற்றுக்கு இத்தனை கரண்டி" குறிப்புகளை நம்பவேண்டாம் என்று சொல்வதே பெரிய வேலையாக இருந்தது. புது வெளிற்றும் தூளில் மூன்றில் ஒரு பங்குவரை குளோரீன் இருக்கும். திறந்து வைத்த பையில் அது நாளுக்கு நாள் குறையும். சேற்றுத் தண்ணீர் வேறு குளோரீனைக் குடித்துவிடும். முதலில் இறைத்து, பிறகு தூள் கரைத்து, அரை மணித்தியாலம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சுகிறதா என்று பார்த்தால்தான் நம்பலாம். அதைப் பார்க்கும் நிற ஒப்பீட்டுக் கருவி எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் இரவல்.

ஆகவே வரும் ஆண்டில் அப்படியான கருவிகள் சிலவற்றை வட்டத்தின் நிதியில் வாங்க வேண்டும் என்று செயற்குழு பிரேரிக்கிறது. கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா நிலுவை வைத்திருப்போர் அதற்குள் அவரைச் சந்தித்தால் நல்லது, பிரேரணை நிறைவேறவும் உதவும். கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
கொழும்பு.